மஞ்சள் பட்டை, சிவப்புப் பட்டை: விரிதாள் எச்சரிக்கைகள் குறித்து

எங்கள் சிற்றிதழின் சந்தாதாரர் பட்டியல் ஓர் எக்செல் விரிதாளில் இருக்கிறது. 2003-இல் அதை அமைத்துத் தந்தவர், வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர். கணினி நூல்களைத் தாமே வாங்கிப் படித்துக் கற்றவர். தாளின் மேல்மூலையில் அவர் வைத்திருந்த சாம்பல்நிறப் பொத்தானை அழுத்தினால் போதும். நானூற்றுச் சொச்சம் முகவரிகளும் அஞ்சல் குறியீட்டெண் வரிசையில் அடுக்கப்பட்டு, ஒட்டுத்தாளில் அச்சிடத் தோதாக நான்கு நான்கு வரிகளாக வந்து நிற்கும். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எங்களில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. 2019-இல் அவர் காலமானார். பொத்தான் தொடர்ந்து வேலை செய்தது.

சென்ற இதழ் அச்சாகி வந்த வாரத்தில் பழைய கணினி கைவிட்டது. புதியதை வாங்கி, மின்னஞ்சலில் சேமித்து வைத்திருந்த கோப்பை அதில் இறக்கித் திறந்தோம். இதுவரை பார்த்திராத சிவப்புப் பட்டை ஒன்று குறுக்கே வந்தது. இந்தக் கோப்பு வந்த இடம் நம்பத்தக்கதன்று, ஆகவே மேக்ரோக்கள் தடுக்கப்பட்டுள்ளன என்றது அது. பழைய மஞ்சள் பட்டையிலாவது அனுமதிப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. இதில் மேலும் அறிய ஒரு பொத்தான் மட்டுமே. இதழ் கட்டுகள் அறையின் மூலையில் கிடந்தன. எங்களுக்குள் இரண்டு கட்சிகள் உண்டாயின. அமைப்புப் பகுதிக்குள் போய் எல்லா மேக்ரோக்களும் எப்போதும் இயங்கட்டும் என்று மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றது ஒரு கட்சி. இருபது ஆண்டுகளாக எத்தனையோ கணினிகளில் புகுந்து வந்த கோப்பு, அதற்குள் வேறு எது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ யாருக்குத் தெரியும் என்றது மற்றது. அந்த வாரத்து வாக்குவாதத்தில் பிறந்த கருத்துகளே கீழே வருபவை. இலக்கிய வாசகருக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். நாம் அன்றாடம் எதிர்கொண்டும் வாசிக்காமல் விடுகிற ஒருவகை உரைநடையைப் பற்றியதுதான் இது.

மேக்ரோ என்பதற்குத் தமிழில் சில சொற்கள் முன்வைக்கப்பட்டன. எதுவும் அலுவலக மேசையில் ஒட்டவில்லை, ஆதலால் மேக்ரோ என்றே எழுதுகிறோம். 1983-இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 விரிதாளிலேயே அது இருந்தது. நாம் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தும் விசைகளைத் தாளின் ஓர் ஓரத்தில் எழுதி வைத்தால் நமக்குப் பதிலாக மென்பொருள் அவற்றை அழுத்திக்கொள்ளும். அவ்வளவு எளிய, நல்ல யோசனை. கோப்பைத் திறந்தவுடன் தானாக இயங்கும் வசதியும் அப்போதே இருந்தது. பின்னர் எக்செல் வந்தது. 1993-இல் அதற்குள் ஒரு முழு நிரல்மொழியே குடியேறியது. கணக்குத் தாள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த பொருள் கோப்புகளை அழிக்கவும், மின்னஞ்சல் அனுப்பவும், வேறு மென்பொருளை அழைத்து வரவும் வல்லதாயிற்று. அதன் உருவம் மட்டும் மாறவில்லை. அதே கட்டங்கள், அதே எண்கள். நமது தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறோம். நிரலையும் ஆவணத்தையும் ஒரே உறைக்குள் போட்டு ஒட்டி, உறையின்மேல் ஆவணம் என்று மட்டும் எழுதிவிட்டார்கள்.

1995-இல் வேர்ட் ஆவணங்களில் தொற்றிப் பரவிய 'கான்செப்ட்' என்ற நச்சுநிரல் எந்த நாசமும் செய்யவில்லை. இது முடியும் என்று காட்டுவதற்காகவே எழுதப்பட்டது அது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அனுப்பிய குறுந்தகடு ஒன்றிலும் அது ஏறிக்கொண்டு போனது என்பது வேடிக்கை. அடுத்த ஆண்டு எக்செலுக்கு 'லாரூ' வந்தது. 1997-ஆம் ஆண்டுப் பதிப்பில் எச்சரிக்கைப் பெட்டி ஒன்று இருந்தது. இந்தக் கோப்பில் மேக்ரோக்கள் உள்ளன, மேக்ரோக்களில் நச்சுநிரல் இருக்கலாம், இயக்கட்டுமா, வேண்டாமா, கோப்பையே திறக்காமல் விடவா என்று அது கேட்டது. இனி என்னைக் கேட்காதே என்று சொல்லிவிடவும் அதே பெட்டியில் ஒரு வழி இருந்தது. எத்தனை பேர் அந்த வழியே போயிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

1999 மார்ச் 26 அன்று 'மெலிஸா' கிளம்பியது. வேர்ட் ஆவணத்தில் வந்த அது, திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் ஐம்பது பேருக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. பெறுபவர் கண்ணுக்கு அது தெரிந்தவரிடமிருந்து வந்த கடிதம். கேட்டிருந்த ஆவணம் இதோ என்று பணிவாகச் சொன்ன கடிதம். உள்ளே நுழைந்ததும் அது செய்த முதற்காரியங்களில் ஒன்று, வேர்டின் மேக்ரோப் பாதுகாப்பைத் தாழ்த்தி, அதை மீண்டும் உயர்த்துவதற்கான பட்டியலையும் முடக்கியது. கள்வன் வீட்டுக்குள் வந்ததும் நாயைக் கட்டிப்போட்டான் என்று சொல்லலாம். எழுதியவரான டேவிட் ஸ்மித்துக்கு 2002-இல் அமெரிக்க நீதிமன்றம் 20 மாதச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் விதித்தது. மெலிஸா கற்றுத்தந்த பாடம் இன்னும் நம்மவர்க்கு ஏறவில்லை. 'தெரிந்தவர் அனுப்பியது, ஒன்றும் ஆகாது' என்ற சொற்றொடரை இன்றும் கேட்கிறோம். அனுப்புபவர் நல்லவர் என்பது அவர் கணினி நலமாயிருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

எச்சரிக்கையின் மொழிக்கு வருவோம். நெடுங்காலம் நாம் பார்த்த மஞ்சள் பட்டை என்ன சொன்னது? பாதுகாப்பு எச்சரிக்கை, மேக்ரோக்கள் முடக்கப்பட்டுள்ளன. பக்கத்திலேயே உள்ளடக்கத்தை இயக்கு என்று ஒரு பொத்தான். பயனர் கண்ணால் இதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நமக்கு வேண்டிய ஏதோ ஒன்று முடங்கியிருக்கிறது. சரிசெய்ய இங்கே அழுத்தவும். இது பழுது அறிவிப்பின் தொடரமைப்பு. யார் முடக்கினார், ஏன் முடக்கினார், இயக்கினால் யாருக்கு என்ன நேரும் என்ற மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை. செயப்பாட்டுவினை எழுவாயை விழுங்கிவிட்டது. 'உள்ளடக்கம்' என்ற சொல்லோ அதைவிடக் கொடியது. உள்ளடக்கத்தைப் பார்க்கத்தானே கோப்பையே திறந்தோம்? அதை வேண்டாம் என்று எவர் சொல்வார்?

இதற்கு எதிரே மோசடிக்காரர்களின் உரைநடையை வைத்துப் பார்க்க வேண்டும். 'எமோடெட்' போன்ற நச்சுநிரல்களைச் சுமந்து வந்த கோப்புகளின் முதற்பக்கத்தில் அழகிய பெட்டிக்குள் ஒரு செய்தி இருக்கும். இந்த ஆவணம் பழைய பதிப்பில் உருவாக்கப்பட்டது, அல்லது பாதுகாக்கப்பட்டது. வாசிக்க வேண்டுமானால் முதலில் திருத்தத்தை அனுமதியுங்கள், பிறகு உள்ளடக்கத்தை இயக்குங்கள். காரணம் சொல்கிறார்கள், வரிசை சொல்கிறார்கள், எந்தப் பொத்தான் என்று பெயரோடு சொல்கிறார்கள். வாசகன் யார், அவன் எங்கே தடுமாறுவான் என்று அறிந்து எழுதப்பட்ட நடை. எதிரே நின்ற பெருநிறுவனத்தின் வாசகத்தில் அந்த அக்கறை இல்லை. ஒரே திரையில் இரண்டு உரைகள் மோதுகையில் நன்றாக எழுதப்பட்டது வென்றது. இதில் பயனரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

வென்றதன் விலை சில வேளைகளில் பெரிது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்பகிர்மான நிறுவனங்களின் கட்டுப்பாட்டை அயலார் தொலைவிலிருந்து கைப்பற்றி மின்தொடர்புகளைத் துண்டித்தார்கள். ஏறத்தாழ 2,25,000 இணைப்புகள், பனிக்காலத்தில், இருளில் மூழ்கின. பணியாளர்கள் துணைமின்நிலையங்களுக்கு நேரில் போய்க் கையால் இணைப்பைத் திருப்பிய பின்னரே ஒளி வந்தது. இத்தனைக்கும் தொடக்கம் பல மாதங்களுக்கு முன் அலுவலக மின்னஞ்சலில் வந்த வேர்ட், எக்செல் கோப்புகள். அவற்றைத் திறந்தவர்களுக்கும் எச்சரிக்கை காட்டப்பட்டது. மேக்ரோவை இயக்கக் கேட்டது கோப்பு, அவர்கள் இயக்கினார்கள். நம் அலுவலகங்களில் நாள்தோறும் நடப்பதைத்தான் அவர்களும் செய்தார்கள்.

'புலி வருது' கதையை இங்கே சொல்வது வழக்கம். ஆனால் அது முழுக்கப் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. கதையில் பையன் பொய்க்குக் கூவினான். நமது மென்பொருள் பொய் சொல்லவில்லை. புலி வந்தாலும் ஆடு வந்தாலும் பால்காரர் வந்தாலும் ஒரே சுருதியில் கூவியது. அதைவிட மோசம், கூவலைப் பொருட்படுத்தாதே என்று ஊர்ப் பெரியவர்களே சொல்லிக்கொடுத்தது. இந்தியாவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதற்கு அரசு பல ஆண்டுகளாக மேக்ரோ கொண்ட எக்செல் கோப்புகளை வெளியிட்டு வந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. படிவங்கள் சிலவற்றுக்கும் அப்படியே. மேக்ரோவை இயக்கினால்தான் அவை வேலை செய்யும். அதைச் செய்யுங்கள் என்பதே குறிப்புரையின் முதல் அறிவுரை. 2021-இல் வருமான வரிக்குத் தனி மென்பொருளும் வந்தது. ஆயினும் 2025-இலும் எக்செல் கோப்புகள் வெளியாயின. அவற்றில் தீங்கு இருக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. ஜூலை மாதத்தில் எந்தத் தணிக்கையாளர் அலுவலகத்துக்குப் போனாலும் தொலைபேசியில் ஒருவர் இன்னொருவருக்கு 'முதல்ல அந்த மஞ்சக் கோட்டுல அழுத்துங்க சார்' என்று சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். ஒரு நாட்டின் கணக்கெழுதுவோர் அத்தனை பேரின் விரலையும் அரசு பழக்கி வைத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தை நாளை யார் பயன்படுத்திக்கொள்வார் என்பதை அரசு தீர்மானிக்க முடியாது.

ஆகவே 2022-இல் மைக்ரோசாஃப்ட் எடுத்த முடிவை, எங்கள் இதழ்க்கட்டுகளை ஒரு வாரம் முடக்கியது என்றாலும், ஆதரிக்கிறோம். இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை இனி கேள்வியின்றித் தடுப்பது என்று அவ்வாண்டு பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஜூலையில் சத்தமில்லாமல் பின்வாங்கினார்கள். முணுமுணுப்பு எழுந்ததும் அம்மாதமே மீண்டும் நடைமுறைப்படுத்தினார்கள். பழைய எக்செல் 4.0 மேக்ரோக்கள் அவ்வாண்டு ஜனவரியிலேயே முடக்கப்பட்டிருந்தன. பதில் சொல்லும் நிலையில் இல்லாதவரிடம் கேள்வி கேட்டு, அவர் சொன்ன பதிலுக்கு அவரையே பொறுப்பாக்குவது கால் நூற்றாண்டாக நடந்து வந்தது. அந்த அநியாயம் ஓரளவு நின்றது. (சரியான முடிவுக்கு முதல் நச்சுநிரலிலிருந்து 27 ஆண்டுகள் ஆயின என்பதையும் குறித்துக்கொள்வோம்.)

கோப்பு இணையத்திலிருந்து வந்ததென்று எக்செலுக்கு எப்படித் தெரியும்? இறக்கும்போது விண்டோஸ் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரையை இடுகிறது. அது ஒட்டியிருக்கும்வரை சிவப்புப் பட்டை. இந்த முத்திரை வட்டு அமைப்பைப் பொறுத்தது. சாதாரண பென் டிரைவ்களில் ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அச்சகத்துக்கும் வீட்டுக்கும் பென் டிரைவில் கோப்பு சுமக்கும் நம்மைப் போன்றவர்கள், சிவப்பு வரவில்லை, ஆகவே நல்ல கோப்பு என்று முடிவு கட்டிவிடலாகாது. தாக்குவோரும் சும்மா இருக்கவில்லை. முத்திரை உள்ளே கடக்காத ஐ.எஸ்.ஓ. உறைகளுக்கு மாறினார்கள், அந்த ஓட்டையை அடைத்த பின் 2023-இல் ஒன்நோட் கோப்புகளைப் பிடித்தார்கள்.

இனி, என்ன செய்வது? எல்லா மேக்ரோக்களையும் இயக்கு என்ற அமைப்பு எவருக்கும் ஏற்றதன்று. எங்கள் முதற்கட்சி அதை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கோப்புக்காக வரப்போகும் அத்தனை கோப்புகளுக்கும் கதவைத் திறந்து வைப்பது அது. மேக்ரோவே தேவைப்படாத கணினியில் அறிவிப்பின்றி முடக்கிவிடலாம். கேட்கப்படாத கேள்விக்குத் தவறான பதில் சொல்ல இயலாது. தேவைப்படுகிற இடத்தில் அறிவிப்போடு முடக்கும் அமைப்பு இருக்கட்டும். மின்னொப்பம் இட்ட மேக்ரோக்களை மட்டும் அனுமதிப்பது பெரிய அலுவலகங்களுக்கு ஏற்ற வழி. சிறிய குழுக்கள் சான்றிதழுக்கு எங்கே போவது? ஆபீஸோடு வரும் கருவியால் நாமே ஒப்பம் உண்டாக்கிக்கொள்ளலாம் என்றாலும் அதை நம் கணினி மட்டுமே மதிக்கும்.

நம்பகமான இடம் என்று ஒரு கோப்புறையை அறிவிக்கும் வசதி பலராலும் பரிந்துரைக்கப்படுகிறது. அதில் வைத்த எதுவும் கேள்வியின்றி இயங்கும் என்பதை அவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. இறக்கங்கள் சேரும் கோப்புறையை அப்படி அறிவித்த அலுவலகம் ஒன்றை நாங்கள் அறிவோம். தலைவாசலைக் கழற்றிவிட்டுப் பூட்டை மட்டும் மாட்டி வைத்தது போன்றது அது. ஒரே ஒரு கோப்புதான் சிக்கல் என்றால் அந்த ஒன்றின் பண்புகள் பக்கத்தைத் திறந்து, அடியில் உள்ள தடைநீக்கும் பெட்டியைத் தேர்ந்து, அதை மட்டும் விடுவிப்பதே அளவான செயல். மஞ்சள் பட்டையில் ஒருமுறை அனுமதித்த கோப்பை எக்செல் நினைவில் வைத்துக்கொண்டு மறுமுறை கேட்பதில்லை. பிறகு அதன் மேக்ரோவை யாரேனும் மாற்றினாலும் கேட்பதில்லை. பலர் கைபடும் கோப்புகளில் இது கவனிக்கத்தக்கது. லிப்ரே ஆபீஸுக்கு மாறுங்கள் என்றார் கட்டற்ற மென்பொருள் அன்பர் ஒருவர். அதன் இயல்பான பாதுகாப்பு நிலை உயர்ந்தது என்பது உண்மை. நண்பரின் பொத்தான் அதில் அசையவே இல்லை. இந்த வகையிலும் அது மிகப் பாதுகாப்பானதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யத்தக்க ஒன்று உண்டு; அதை ஒருவரும் சொல்வதில்லை. மேக்ரோ முடக்கப்பட்டிருக்கும்போதும் அதை வாசிக்கலாம். கோப்பைத் திருத்த அனுமதித்துவிட்டு, மேக்ரோவை இயக்காமலே, ஆல்ட் விசையோடு எஃப் 11 அழுத்தினால் நிரல் வரிவரியாகத் திரையில் விரியும். எழுதியவர் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தால் வாசிக்க முடியாது. ஆனால் இயக்க முடியும். இந்த முரணை நினைத்துச் சிரிப்பதா அஞ்சுவதா தெரியவில்லை. பூட்டிய மேக்ரோ அயலாரிடமிருந்து வந்தால் இயக்கக் கூடாது என்பது எங்கள் துணிபு.

எங்கள் நண்பர் பூட்டவில்லை. நாங்கள் நால்வர் திரையின் முன் அமர்ந்தோம். நிரல்மொழி சற்றேனும் அறிந்தவர் ஒருவரே. அவர் வாசித்துப் பொருள் சொன்னார். 180 வரிகளுக்குள் அடங்கியது. இணையத்தைத் தொடும் வரி இல்லை, வேறு கோப்பை அழைக்கும் வரி இல்லை. அங்கங்கே ஆங்கில எழுத்தில் தமிழில் குறிப்புகள் எழுதியிருந்தார்: கோவில்பட்டிக்காரருக்கு முதலெழுத்து போடக் கூடாது, கோபித்துக்கொள்வார், நான்கு வரிக்கு மேல் போனால் மாவட்டத்தை வெட்டு. சந்தா முடிந்தவர்களின் பெயரைத் தாண்டிச் செல்லும் பகுதிக்கு வந்தபோது வாசித்தவர் நின்றார். அந்தச் சோதனைக்கு முன்னால் இன்னொரு சோதனை இருந்தது. ஏழு சந்தா எண்கள். அவற்றுக்கு மட்டும் முடிவுத் தேதி பார்க்கப்படுவதில்லை. பட்டியலில் தேடினோம். ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஒருவர் சிறு நூலகம் நடத்துபவர், மற்றவர்களை எங்களுக்குத் தெரியாது. அவர்களின் சந்தா முடிந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதழ் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பழைய கணக்கேட்டைப் புரட்டியதில், 2019 வரை ஆண்டுதோறும் ஏழு சந்தாக்களின் தொகை நன்கொடை என்ற பெயரில் ரொக்கமாக வரவு வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. கொடுத்தவர் பெயர் எழுதப்படவில்லை.

கோப்பின் பண்புகளைத் திறந்து தடையை நீக்கினோம். மீண்டும் திறந்தபோது சிவப்பு போய் மஞ்சள் பட்டை வந்தது. அனுமதித்தோம். முகவரிகள் வரிசையாக வந்து நின்றன. ஏழு எண்கள் இருக்கும் அந்த வரியைத் தொடவில்லை. ஏழு சந்தாக்களையும் இவ்வாண்டிலிருந்து எங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டோம். நிரலை அச்செடுத்துக் கணக்கேட்டோடு சேர்த்துத் தைத்திருக்கிறோம். இதழ்கள் வியாழக்கிழமை அஞ்சலில் சேர்ந்தன.